செருகினாலே மவுண்ட் ஆகிவிடும் யுஎஸ்பி டிஸ்க்: உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர்:
நண்பரின் பழைய வெளி ஹார்டுடிஸ்க் ஒன்று கைக்கு வந்தது. உள்ளே கட்கட் என்று சத்தம். மவுண்ட் செய்யாமலே (கோப்புகளைத் திறக்கும்படி கணினியோடு இணைக்காமலே), பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலை வைத்து முழுப் பிரதி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். உபுண்டு லினக்ஸில் செருகியதுதான் தாமதம், ஜன்னல் திறந்து படங்களுக்கெல்லாம் தம்ப்நெயில் போட ஆரம்பித்துவிட்டது! பதறிப் பிடுங்கினேன்.

இத்தனைக்கும் அமைப்பை முன்பே மாற்றியிருந்தேன். அணைத்தது ஆட்டோமவுண்ட்-ஓப்பனை (செருகியதும் ஜன்னலைத் திறக்கும் அமைப்பு) என்றுதான் நினைப்பு. தேடிப் பார்த்தால் அது வேறு பயனர் கணக்கில். சரியாக அணைத்திருந்தாலும் ஜன்னல் திறக்காதே தவிர மவுண்ட் ஆகியிருக்கும். ஜிசெட்டிங்ஸ் என்ற அமைப்புக் கருவியில் அதற்குப் பக்கத்திலேயே ஆட்டோமவுண்ட் என்று தனியாக இருக்கிறது, அதை அணைக்க வேண்டும். இன்னொன்று: ரீட்-ஒன்லியாக (படிக்க மட்டும்) மவுண்ட் செய்தாலும் ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறை, பாதியில் நின்ற ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) டிஸ்க்கில் எழுதப் பார்க்கும். மவுண்ட் கட்டளையில் நோலோட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் சும்மா இருக்கும்.

பதில்:
அண்ணா, மவுண்ட்டை நிறுத்தினாலும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க்கைக் கண்டுகொள்ளத்தான் செய்யும். அதையும் தடுக்கப் போய் நான் பட்ட பாடு! யுஎஸ்பி கருவிகளை அனுமதிப்பதா என்று சொல்லும் யுஎஸ்பிகோர் ஆதரைஸ்டு டீஃபால்ட்டை 0 என்று (அனுமதி இல்லை) பூட் வரியில், அதாவது கர்னலுக்குத் தொடக்கத்தில் தரும் வரியில், போட்டு ரீபூட் செய்தேன். லாகின் திரை அழகாக வந்தது. பாஸ்வேர்டுதான் தட்ட முடியவில்லை. கீபோர்டும் யுஎஸ்பி, மவுஸும் யுஎஸ்பி! நல்லவேளை, கர்னலை ஏற்றும் க்ரப் நிரலின் மெனு வரை கீபோர்டு வேலை செய்தது. அங்கே இன்னும் கர்னல் வரவில்லையே. இ-யை அழுத்தி அந்த ஒரு சொல்லை நீக்கித் தப்பித்தேன்.

இப்போது பூட் முடிந்த பிறகு, சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னலின் அமைப்புகள் கோப்புகளாகத் தெரியும் இடம்) ஒவ்வொரு யுஎஸ்பி கன்ட்ரோலருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் 0 எழுதுகிறது. ஏற்கெனவே செருகியவை ஓடும். புதிதாக வருவது, அதன் ஆதரைஸ்டு கோப்பில் நான் 1 எழுதும்வரை காத்துக்கிடக்கும். கீபோர்டை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது.

இன்னொரு பதில்:
எனக்கு நேர்மாறு. மானிட்டர் இல்லாத ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. எஃப்எஸ்டேபில் (மவுண்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) டிஸ்க்கின் வரி இருந்தது, டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தேன். கரண்ட் போய் வந்தது. பூட்டை நடத்தும் சிஸ்டம்டி நிரல் 90 நொடி காத்துப் பார்த்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விட்டது. வேறு கணினியிலிருந்து நுழைய எஸ்எஸ்எச்சும் கிடையாது. எஸ்டி கார்டை லேப்டாப்பில் போட்டு அந்த வரியில் நோஃபெயில் (டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்வது) சேர்த்தேன். அப்புறம் எக்ஸ்-சிஸ்டம்டி-ஆட்டோமவுண்ட்டும் போட்டேன். ஃபோல்டரைத் தொடும்போதுதான் இப்போது மவுண்ட் ஆகிறது.

தொடங்கியவர்:
கீபோர்டு கதைக்குச் சிரித்து மாளவில்லை, தம்பி. டிடிரெஸ்க்யூ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.