ஆந்தியா டொர்னாடோவா: டெல்லியில் காற்றிடம் மாட்டியவங்க அனுபவம் சொல்லுங்க

மயூர்விஹார்_மதுரைக்காரி

மே மாசம் வந்தாலே நம்ம ஊரில் இந்தக் கூத்துதான். மூணு மணி வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில், திடீர்னு மேற்கே பழுப்பா ஒரு சுவர் எழும்பும், பத்து நிமிஷத்துல பகல் இருட்டாயிடும். போன வாரம் ஆந்தி (இங்கே புழுதிப்புயலுக்கு அதுதான் பேர்) அடிச்சப்போ எங்க சொசைட்டியில பாதிப் பேர் மொட்டைமாடியில நின்னு வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. எதிர் பிளாக்கில் ஒரு தகர ஷீட் கழண்டு நாலு மாடி உயரத்துல பறந்து போனதும்தான் கீழே ஓடி வந்தாங்க.

எங்க வீட்டுக்காரர் "இதெல்லாம் தூசிக்காத்துதான், டொர்னாடோ எல்லாம் அமெரிக்காவுல வர்றது" என்கிறார். அப்படியா? உண்மையாகவே சுழல்காற்றைப் பார்த்தவங்க யாராவது இருந்தா எழுதுங்க. அந்த நேரத்துல எங்கே போய் ஒண்டினீங்க என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கரோல்பாக்_பழசு

அம்மா, உங்க வீட்டுக்காரரிடம் 1978 மார்ச் 17 என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை. வடக்கு டெல்லியில் யூனிவர்சிட்டி வட்டாரத்தில் டொர்னாடோ இறங்கியது. 28 பேர் செத்தார்கள், காயம்பட்டவர்கள் 700 பேர் அளவில். நான் அப்போது கரோல்பாகில் பிரம்மச்சாரிக் குடித்தனம். எங்கள் பக்கம் சாயங்காலம் இடியும் மழையும்தான், வேறொன்றும் தெரியாது. கூட இருந்தவனின் தம்பி வடக்கு வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் காலை அவனைத் தேடிப் போனபோதுதான் பார்த்தேன்.

இன்றைக்கும் மறக்க முடியாதது அந்த ஒழுங்கில்லாத அழிவுதான். சாலைக்கு இந்தப் பக்கம் சுற்றுச்சுவர் தரைமட்டம், மரங்கள் வேரோடு சாய்ந்து கிடக்கின்றன, ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் அடுப்பைப் பற்றவைத்து டீ விற்றுக்கொண்டிருக்கிறார். காற்று கடந்த பாதை அவ்வளவு ஒடுக்கம். புயல் என்றால் மாவட்டம் மாவட்டமாகச் சுருட்டும், பல நாள் முன்னாலேயே வானொலியில் சொல்லிவிடுவான். இது ஒரு தெருவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவை விட்டுவிட்டுப் போய்விடும், அதுவும் சில நிமிஷத்துக்குள்.

அந்தத் தம்பி பிழைத்தான். நண்பர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வராந்தாவுக்குப் போனபோது இவன் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டானாம். பயந்தாங்கொள்ளி என்று அவனை அதற்கு முன் கேலி செய்தவர்கள் பிறகு செய்யவில்லை.

ரிங்ரோடு_ராஜா

தாத்தா சொன்னது எனக்குப் புதுசு. நான் பார்த்தது டொர்னாடோ இல்லை, 2022 மே 30 ஆந்தி. சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் பதிவாச்சு, ஜாமா மசூதி குவிமாடத்தின் உச்சிக் கலசம் உடைஞ்சு விழுந்ததே, அதே நாள். நான் பைக்கில் ஐ.என்.ஏ. பக்கம் வந்துக்கிட்டிருந்தேன்.

டெல்லியில் பைக்காரன் காற்று மழைன்னா உடனே ஃப்ளைஓவருக்கு அடியில் போய் நிற்பான். அன்னைக்கும் அங்கே ஒரு கூட்டம், நடுச்சாலை வரைக்கும் வண்டியை மறிச்சு நிக்குது, பின்னாடி வர்ற காருக்குப் புழுதியில் ஒண்ணும் தெரியாது. எனக்கு அது சரிப்படலை. ரோட்டோரம் பெரிய பெரிய வேப்பமரம், நாவல்மரம், அதுக்கடியிலயும் நிற்க முடியாது. பைக்கை நடைபாதை ஓரம் போட்டுட்டு ஐ.என்.ஏ. மெட்ரோவுக்குள்ள இறங்கிட்டேன். தரைக்கு அடியில் இருக்கிற ஸ்டேஷன். கீழே போனதும் மேலே இடி விழுந்தாக்கூடக் கேட்காது. வெளியே வந்தப்போ நான் வந்த வழியில் ரெண்டு மரம் குறுக்கே கிடந்துச்சு.

அதனால என் கட்சி இதுதான்: டெல்லியில் பேஸ்மெண்ட் இல்லாதவனுக்கு பாதாள மெட்ரோதான் பேஸ்மெண்ட். ஆனா தூண் மேல நிக்கிற ஸ்டேஷனை நம்பாதீங்க, மயூர்விஹார் அக்கா. உங்க ஊர் ஸ்டேஷன் அந்த ரகம், தகரக் கூரை வேற.

டல்லாஸ்_டு_துவாரகா

நான் திரும்பி வந்து துவாரகாவில் செட்டில் ஆகும் முன் டெக்ஸஸில், டல்லாஸ் பக்கத்து ரிச்சர்ட்சனில் இருந்தேன். நம்ம ஆட்கள் நிறைய பேர் உள்ள ஊர். 2019 அக்டோபர் 20, ஞாயிறு ராத்திரி 9 மணி வாக்கில் டொர்னாடோ வந்தது. காற்றின் வேகம் மணிக்கு சுமார் 225 கிலோமீட்டர், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளத்துக்கு வீடு, பள்ளி, கடை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு போனது. அப்படியும் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஊரே எங்கே போய் உட்காரணும் என்று தெரிந்து வைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அங்கே டொர்னாடோ எச்சரிக்கையில் ரெண்டு கட்டம் உண்டு. முதலில் "வாட்ச்" வரும்: வானம் அதற்குத் தோதாக இருக்கிறது, கவனமாக இருங்கள் என்று பொருள். அப்போது சமையல் செய்யலாம், சாப்பிடலாம். ஆனால் ஷூவை எடுத்து வைத்துக்கொள்வோம், போனை சார்ஜில் போடுவோம். அடுத்தது "வார்னிங்": ரேடாரிலோ கண்ணாலோ பார்த்தாகிவிட்டது, உடனே உள்ளே போ. அன்றைக்கு ராத்திரி வீட்டில் இருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. தெருவில் சைரன் ஊதுவது வெளியே இருப்பவர்களுக்காகத்தான், வீட்டுக்குள் அது கேட்கும் என்று நம்பக்கூடாது.

எங்கள் வீடு மேல்மாடி. கீழ்வீட்டு குஜராத்தி ஆண்ட்டி கதவைத் திறந்தே வைத்திருந்தார். ரெண்டு குடும்பமும் அவர் வீட்டு பாத்ரூமுக்குள். நடுவில் இருக்கும், ஜன்னல் கிடையாது, நாலு பக்கமும் சுவர். குழந்தைகளைக் குளியல் தொட்டிக்குள் உட்காரவைத்து சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி, மேலே மெத்தையைப் போட்டு மூடினோம். ஆண்ட்டி கையில் ஜபமாலை, என் மனைவி கையில் பாஸ்போர்ட் கவர், அவரவர் நம்பிக்கை அவரவருக்கு. சரக்கு ரயில் பக்கத்தில் போவது போல் சத்தம் வரும் என்பார்கள், நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ராத்திரியில் டொர்னாடோவின் புனல் வடிவத்தையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது, சத்தம் கேட்கும்போது ஏற்கெனவே பக்கத்தில் வந்திருக்கும்.

ரிங்ரோடு ராஜா சொன்ன பாலத்தடி விஷயம் சத்தியம். அமெரிக்காவிலும் அதுதான் பெரிய மூடநம்பிக்கை. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் மூணு பேர் இறந்தார்கள். அந்த இடுக்கில் காற்று இன்னும் வேகமெடுக்கும், பறந்து வரும் பொருளெல்லாம் அதற்குள் வந்து அடிக்கும்.

கோல்மார்க்கெட்_மாமா

நல்ல பதிவு. ஒன்று சேர்க்கிறேன். காற்று வருவதற்குள் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள் அழுத்தம் கூடி வெடித்துவிடும் என்று எங்கள் காலத்தில் சொல்வார்கள்.

டல்லாஸ்_டு_துவாரகா

மாமா, மன்னிக்கணும், அது தப்பு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. வீடு அழுத்தத்தால் வெடிப்பதில்லை. காற்று உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்குகிறது, சுவர் சாய்கிறது. ஜன்னலைத் திறந்தால் அதற்கு நாமே வழிவிட்டது போலத்தான். திறக்கப் போன நேரத்தில் கண்ணாடி முகத்தில் வந்து அடிக்கும். இருக்கிற நிமிஷத்தை உள்ளறைக்குப் போகச் செலவு பண்ணுங்கள்.

இன்னொன்று, டொர்னாடோவைத் தூரத்தில் பகலில் பார்த்தால்: அது இடமோ வலமோ நகராமல் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரிந்து, பெரிதாகிக்கொண்டே வந்தால் உங்களை நோக்கித்தான் வருகிறது. "அசையாமத்தானே நிக்குது" என்று போனை எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

செம்பூர்_செல்வி

டெல்லிக்காரங்க பேச்சுக்குள்ள மும்பைக்காரி நுழையுறேன். 2024 மே 13 காட்கோபர் ஹோர்டிங் (பெரிய விளம்பரப் பலகை) விழுந்தது ஞாபகம் இருக்கா? 40க்கு 40 அடிக்குத்தான் அனுமதி, வச்சது 120க்கு 120. புழுதிக்காத்துல அப்படியே பெட்ரோல் பங்க் மேல சாய்ஞ்சுது, 17 பேர் போயிட்டாங்க. மழைக்கு ஒதுங்கினவங்களும் அங்கே இருந்தாங்க. டொர்னாடோவும் இல்லை, புயலும் இல்லை, சாதாரண மே மாசக் காத்து. அன்னைக்கு நான் செம்பூரில் ஆட்டோவில். டிரைவர் அண்ணா பங்க் ஒண்ணுக்குள்ள வண்டியை விடப் பார்த்தார். "அண்ணா, கான்கிரீட் கட்டடமா பாருங்க" என்று ஒரு பேங்க் வாசலுக்கு விடச் சொன்னேன். உள்ளே போய் ஏ.டி.எம். கண்ணாடிக்கதவைத் தாண்டி, படிக்கட்டுப் பக்கம் நின்னோம். இப்பல்லாம் எங்கே ஒதுங்கினாலும் முதல்ல தலைக்கு மேல என்ன இருக்குன்னு பார்த்துட்டுத்தான் நிக்கிறது.

பள்ளிக்கூட_டீச்சர்

நான் இங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் கடைசி, விளையாட்டு பீரியட். மேற்கே இருட்டிக்கொண்டு வந்ததும் பிள்ளைகளைப் பெரிய ஹாலுக்குள் கொண்டுபோகலாம் என்று பியூன் அண்ணன் சொன்னார். எல்லாரும் ஒரே இடத்தில் அடங்குவார்களே என்று அவருக்கு நினைப்பு, நல்லெண்ணம்தான். ஆனால் ஹாலில் நடுவில் ஒரு தூண் கிடையாது, அகலமான கூரை, பலத்த காற்றில் முதலில் போவது அந்த மாதிரிக் கூரைதான். நாங்கள் தரைத்தள காரிடாரில் உள்சுவரைப் பார்த்து உட்காரவைத்தோம்: முழங்காலில் தலை, பிடரிமேல் ரெண்டு கை, மேலே புத்தகப்பை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். ஒருத்தன் "மிஸ், இது யோகாவா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மேல்மாடி வகுப்பில் ரெண்டு ஜன்னல் கண்ணாடி உடைந்திருந்தது, பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை.

மயூர்விஹார்_மதுரைக்காரி

எங்க வீட்டுக்காரர் 1978 கதையைப் படிச்சுட்டு வாயைத் திறக்கலை. சரி, இங்கே சைரன் கிடையாதே, நமக்கு எப்படித் தெரியும்?

ரிங்ரோடு_ராஜா

டொர்னாடோவுக்குன்னு தனி சங்கு இங்கே ஊதமாட்டாங்க அக்கா. ஆனா வானிலைத் துறை அடுத்த மூணு மணி நேரத்துக்கான எச்சரிக்கை விடுது, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு. 'மௌசம்' ஆப்பில் வரும், பேரிடர் எச்சரிக்கைக்கு 'சசேத்' இருக்கு, மின்னலுக்கு 'தாமினி'. சிவப்புன்னு வந்தா பால்கனியில் இருக்கிற பூந்தொட்டியையும் துணி ஸ்டாண்டையும் உள்ளே எடுத்து வையுங்க, கார் மரத்தடியில் இருந்தா முன்கூட்டியே மாத்துங்க. காத்து ஆரம்பிச்ச பிறகு எதுக்கும் கீழே இறங்காதீங்க. போன வாரம் எங்க பில்டிங்கில் மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க் மூடி பறந்து வந்து பார்க்கிங்கில் விழுந்துச்சு.

புதுசு_நொய்டா

எங்க ஃபிளாட் பதினெட்டாவது மாடி. ஹாலில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கீழே ஓடவா, இருக்கவா? லிஃப்டில் போகலாமா?

டல்லாஸ்_டு_துவாரகா

லிஃப்ட் வேண்டவே வேண்டாம், கரண்ட் போனால் நடுவில் நிற்கும். எச்சரிக்கை முன்னாடியே வந்து நேரமிருந்தால் படிக்கட்டு வழியாக எவ்வளவு கீழே போகமுடியுமோ போங்கள். நேரம் இல்லையென்றால் ஹால் கண்ணாடியை விட்டு விலகி, லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி கான்கிரீட் சுவர் இருக்குமே, அந்தப் பக்கம் நடுவில் போய்க் குனிந்து உட்காருங்கள். பாத்ரூம் வெளிச்சுவரை ஒட்டி இல்லாமல் உள்ளே இருந்தால் அதுவும் சரி. காலில் செருப்பு, ஷூ ஏதாவது இருக்கட்டும், பிறகு நடக்கும்போது கண்ணாடிச் சில்லு எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், தீக்குச்சி உரசாமல் வெளியேறுங்கள். தரையில் விழுந்து கிடக்கிற எந்த ஒயரையும் மிதிக்க வேண்டாம்.

புதுசு_நொய்டா

எங்க பாத்ரூம் நடுவில்தான் இருக்கு, ஆனா தலைக்கு மேலேயே இருபத்தஞ்சு லிட்டர் கெய்சர் தொங்குது.

செம்பூர்_செல்வி

அப்ப படிக்கட்டுதான்.