ஆகாய கங்கை அருவிக்குப் படி எத்தனை? (கொல்லிமலை போய் வந்தவர்கள் மட்டும் பேசவும்)

சேந்தமங்கலத்தான்:
நடைவண்டி என்பவர் நேற்று ஒரு பயணக் கதை எழுதியிருந்தார். "கொல்லிமலை ஆகாய கங்கைக்கு மலையேற்றம் போனோம், 1,500 படி, உயிர் போய்த் திரும்பி வந்தது" என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அடிவாரத்துக்காரன். ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்குத் தவறாமல் போகிறவன். ஆயிரத்துச் சொச்சம் படிதான் இருக்கிறது. மீதியை உங்கள் வீட்டு மாடியில் ஏறினீர்களா? இன்னொன்று, கைப்பிடிக் கம்பி போட்ட படியில் இறங்குவதற்குப் பெயர் மலையேற்றமா? அது மலையிறக்கம்.

நடைவண்டி:
ஐயா, 1,500 என்பது குத்துமதிப்பு. திரும்பி ஏறும்போது அப்படித்தான் இருந்தது. நான் எழுதியதில் படி ஒரே ஒரு வரிதான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, மரத்தில் சுற்றிய மிளகுக் கொடி, 300 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர், அதன் சாரல் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அதில் ஒன்றும் கண்ணில் படவில்லையா?

சேந்தமங்கலத்தான்:
படி எத்தனை?

கணக்குப்பிள்ளை:
1,196. சும்மா சொல்லவில்லை, எண்ணினேன். சட்டைப் பையில் புளியங்கொட்டை. நூறு படிக்கு ஒரு கொட்டையை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றினேன். கீழே போனபோது இடது பையில் 11, அதற்கு மேல் 96.

சேந்தமங்கலத்தான்:
கணக்குப்பிள்ளை அண்ணா, போன வருசம் குற்றாலம் பேச்சில் ஐந்தருவிக்கு ஆறு கிளை என்று சாதித்தவர் நீங்கள். உங்கள் புளியங்கொட்டையை நான் நம்ப வேண்டுமா? நான் மூன்று தடவை எண்ணியிருக்கிறேன். ஒரு தடவைகூட 1,100-ஐத் தாண்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
மூன்று தடவையும் ஒரே எண் வந்ததா?

சேந்தமங்கலத்தான்:
அது இங்கே பேச்சில்லை.

துறையூரான்:
படி, படி என்று அடித்துக்கொள்கிற நாமக்கல்காரர்களே, கொல்லிமலையில் உண்மையான நடை எங்கள் பக்கம்தான். புளியஞ்சோலையிலிருந்து ஆற்றோரமாகக் காட்டுக்குள் மேலே போகும் பழைய பாதை இருக்கிறது. பாறை, வேர், வழுக்கல், அட்டை. மலைச் சனங்கள் பலாப்பழத்தைத் தலையில் வைத்து இறங்கிச் சந்தைக்கு வந்த பாதை. அதில் ஒரு தடவை ஏறிவிட்டு வந்து மலையேற்றம் பற்றிப் பேசுங்கள். படியாம், படி. பழனியில்கூடத்தான் படி இருக்கிறது.

சேந்தமங்கலத்தான்:
வந்துவிட்டார் திருச்சி மாவட்டம். அருவி எந்த மாவட்டத்தில் இருக்கிறது தம்பி?

துறையூரான்:
அருவி உங்கள் மாவட்டத்தில் இருக்கட்டும். விழுந்த தண்ணீர் எங்கே வருகிறது? அய்யாறாக ஓடி எங்கள் வயலுக்குத்தான் வருகிறது. நீங்கள் மேலே நின்று படம் எடுங்கள், நாங்கள் கீழே நெல் நடுகிறோம்.

மிளகுக்கொடி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆகாய கங்கையில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? இறங்க முடியாவிட்டால் மாசிலா அருவிக்கு மட்டும் போனால் போதுமா?

சேந்தமங்கலத்தான்:
துறையூரான், புளியஞ்சோலைப் பாதையில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் செத்தது மறந்துபோனதா? அதற்கப்புறம்தான் சட்டம் போட்டு இறுக்கினார்கள். வீரம் பேசுகிறவர்கள் முதலில் சீட்டு வாங்கி நடக்கட்டும்.

துறையூரான்:
அனுமதி இல்லாமல் போனேன் என்று நான் எங்கே சொன்னேன்? அனுமதி வாங்கித்தான் போனேன், வழிகாட்டியோடு. 2024 அக்டோபரில் வனத்துறையே தமிழ்நாடு முழுக்க 40 பாதைகளை அறிவித்து இணையத்தில் முன்பதிவு தொடங்கியது. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். குரங்கணியை இழுத்துப் போட்டு வாயை அடைக்கப் பார்க்காதீர்கள். செத்தவர்களை வைத்து வாதத்தில் ஜெயிக்க வேண்டாம்.

சேந்தமங்கலத்தான்:
சரி, அதை விடுங்கள். நடைவண்டி இன்னும் பதில் சொல்லவில்லை. 1,500 படி எங்கே?

நடைவண்டி:
நான் அலுவலகத்தில் இருக்கிறேன் ஐயா. எண்ணைத் திருத்திவிடுகிறேன். 1,000 என்று போட்டால் போதுமா?

கணக்குப்பிள்ளை:
1,000 என்று போட்டால் அதுவும் பொய். 1,196.

சேந்தமங்கலத்தான்:
திருத்திவிடுகிறேன் என்றால் என்ன அர்த்தம்? தப்பு என்று ஒத்துக்கொள்கிறீர்களா? முதலில் அதை எழுதுங்கள்.

நடைவண்டி:
அப்படியென்றால் திருத்தவில்லை. 1,500 அப்படியே இருக்கட்டும். என் காலுக்கு 1,500.

மேட்டுக்காட்டான்:
எங்கள் வீடு மலைமேலேயே. ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், சிரிப்பு வருகிறது. என் தாத்தா அந்த ஆற்றுக்கு இறங்கிய காலத்தில் படியே கிடையாது. வேரைப் பிடித்து, பாறையில் உட்கார்ந்து நகர்ந்து இறங்குவார். அதற்கு யாரும் மலையேற்றம் என்று பெயர் வைக்கவில்லை. தண்ணிக்குப் போவது என்றுதான் சொன்னார்கள். ஆட்டைத் தேடிப் போனால் ஒரு நாளைக்கு அந்த அருவி வரை இரண்டு தடவைகூட இறங்கி ஏறுவார். நீங்கள் காலணி வாங்கின விலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு மாசச் சாமை அரிசி வாங்கலாம்.

சேந்தமங்கலத்தான்:
மேட்டுக்காட்டான், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் கேள்வி தாத்தா காலத்தைப் பற்றியதில்லை. இப்போது இருக்கிற படி எத்தனை? மலையிலேயே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

மேட்டுக்காட்டான்:
எண்ணினதில்லை.

சேந்தமங்கலத்தான்:
மலையிலேயே இருந்தும் எண்ணவில்லையா?

மேட்டுக்காட்டான்:
உங்கள் வீட்டு வாசற்படி எத்தனை என்று உடனே சொல்லுங்கள் பார்ப்போம்.

கணக்குப்பிள்ளை:
என் வீட்டுக்கு மூன்று.

முட்டிவலி முருகேசு:
மிளகுக்கொடி அவர்களே, அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கவலையே வேண்டாம். மேலே எந்தக் கடையிலும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும். மிளகு, சீரகம் தட்டிப் போட்டுச் சுடச்சுடத் தருவார்கள். என் பெயரைப் பார்த்தீர்களே? இரண்டு டம்ளர் குடித்துவிட்டு இறங்கி, குளித்து, ஏறி வந்தேன். வலி போன இடம் தெரியவில்லை.

துறையூரான்:
வலி போய்விட்டது என்றால் பெயரை ஏன் இன்னும் மாற்றவில்லை?

முட்டிவலி முருகேசு:
பெயர் ராசியானது.

நடைவண்டி:
நானும் அந்தச் சூப்பைக் குடித்தேன். ருசி நன்றாக இருந்தது. வலி மறுநாள் அப்படியேதான் இருந்தது, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். அது ஆட்டுக்கால் மாதிரி மயிர் மூடின கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணி வகை. எல்லோரும் கூடை கூடையாகப் பறித்துக்கொண்டே போனால் கொஞ்ச நாளில் பாறைதான் மிஞ்சும்.

முட்டிவலி முருகேசு:
1,500 படி என்று அளந்தவர் பேச்சை யார் நம்புவார்கள்?

சேந்தமங்கலத்தான்:
அப்படிக் கேளுங்கள்! இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். படி எண்ணிக்கையில் பொய் சொன்னவர் கிழங்கைப் பற்றி உண்மையா சொல்வார்?

நடைவண்டி:
கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் சாய்த்தானாம். நீங்கள் "படி எத்தனை" என்ற ஒரே அம்பை வைத்துக்கொண்டு காலையிலிருந்து எய்கிறீர்கள். ஒரு உடும்புகூட விழவில்லை.

சேந்தமங்கலத்தான்:
ஓரியைக் கேலி செய்கிறீர்களா? வருசா வருசம் அரசாங்கமே விழா எடுக்கிற வள்ளலை! ஊருக்கு வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த மண்ணின் அருமை எப்படித் தெரியும்? வருகிறீர்கள், அன்னாசிப் பழம் தின்கிறீர்கள், தோலை அங்கேயே போடுகிறீர்கள், போய் 1,500 என்று எழுதுகிறீர்கள்.

நடைவண்டி:
நான் ஓரியைக் கேலி செய்யவில்லை. உங்களைத்தான் செய்தேன். தோலைப் பையில் போட்டு எடுத்து வந்தேன், அதையும் அந்தக் கதையில் எழுதியிருக்கிறேன். முதல் பத்தியைத் தாண்டினால் தெரியும்.

மேட்டுக்காட்டான்:
தோல் பரவாயில்லை, மக்கிப்போகும். பாட்டில்தான். சனி ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். குரங்குகூடச் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கக் கற்றுக்கொண்டது. இதை யாராவது எண்ணுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
பாட்டிலை எண்ணவில்லை. படி 1,196.

துறையூரான்:
எங்கள் பக்கம் படியும் இல்லை, பாட்டிலும் இல்லை.

மேட்டுக்காட்டான்:
புளியஞ்சோலை ஆற்றில் பாட்டில் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நான் அங்கே வந்திருக்கிறேன் தம்பி. செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை.

துறையூரான்:
அது வெளியூர்க்காரர்கள் போட்டது.

மேட்டுக்காட்டான்:
எங்களுக்கும் அப்படித்தான். வெளியூர்க்காரர்களில் உங்களையும் சேர்த்து.

மிளகுக்கொடி:
மறுபடி கேட்கிறேன். தண்ணீர் இருக்கிறதா? மழை அதிகமானால் அருவிக்கு இறங்கும் வழியை மூடிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது திறந்திருக்கிறதா?

சேந்தமங்கலத்தான்:
அம்மா, நீங்கள் போவதே நல்லதுதான். இங்கே ஒருத்தர் பேச்சையும் நம்ப முடியவில்லை. போகும்போது படியை எண்ணி வந்து இங்கே எழுதுங்கள். நீங்கள் நடுநிலை.

மிளகுக்கொடி:
அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு எப்படி எண்ணுவது?

கணக்குப்பிள்ளை:
புளியங்கொட்டை எடுத்துப் போங்கள். பன்னிரண்டு போதும்.

சேந்தமங்கலத்தான்:
பதினொன்றே போதும்.

முட்டிவலி முருகேசு:
சூப்பை மறக்க வேண்டாம்.

மிளகுக்கொடி:
சரி, எண்ணுகிறேன் என்றே வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்க வேண்டும்? கோயில் பக்கத்திலிருந்தா, சீட்டு கிழிக்கிற இடத்திலிருந்தா? நடுவில் சமதளமாக வருகிற இடத்தைச் சேர்க்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
கோயில் பக்கத்திலிருந்து.

சேந்தமங்கலத்தான்:
கோயில் பக்கத்திலிருந்தா! இப்போதுதான் தெரிகிறது உங்கள் 1,196 எங்கிருந்து வந்தது என்று. சீட்டு கிழிக்கிற இடத்திலிருந்து எண்ண வேண்டும் அண்ணா.

கணக்குப்பிள்ளை:
அதற்கு மேலே இருப்பது படி இல்லையா? அதை நீங்கள் பறந்து கடந்தீர்களா?

துறையூரான்:
எங்கள் பாதையில் சீட்டு கிழிக்கிற இடமே கிடையாது.

சேந்தமங்கலத்தான்:
அனுமதி வாங்கிப் போனதாகச் சொன்னீர்களே தம்பி?