புதுப்பிப்பு: பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்த கோளாறு தீர்ந்தது

என் காரில் பிரேக் மிதித்தால் இடது இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது, பியூஸ், பல்பு, சுவிட்ச் எல்லாம் சரி என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது: எர்த், அதாவது கரண்ட் கார் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு.

இடது டெயில் லேம்ப்பில் (பின் விளக்கு) எல்லா பல்புகளுக்கும் ஒரே கறுப்பு ஒயர்தான் எர்த். அது பாடியில் சேரும் போல்ட் டிக்கி கார்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கி, ரிங் டெர்மினல் (ஒயர் முனையில் போல்ட் நுழையும் உலோக வளையம்) பச்சை பூத்துக் கிடந்தது. நேர்வழி அடைபட்டதால் பிரேக் பல்பின் கரண்ட் பின்பக்க இண்டிகேட்டர் பல்புக்குள் புகுந்து, முன்பக்க இண்டிகேட்டர் வழியாக எர்த்துக்குப் போயிருக்கிறது. முன்னால் உள்ளதும் லேசாக மினுக்கியது அதனால்தான்.

இதே தொல்லை இருப்பவர்கள் மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள். ஒயரில் ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பு ஹோல்டரில் எர்த் ஒயர் சேரும் முனைக்கும் இடையே டிசி வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்கு 4 வோல்ட்டைத் தாண்டியது!

டெர்மினலை வெட்டிப் புதிது போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் உப்புத்தாள் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். அப்புறம் லேம்ப் கேஸ்கெட்டையும் (தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர்) மாற்றியாயிற்று. தண்ணீர் வருவது நிற்காவிட்டால் மறுபடி பச்சை பூக்கும்.