நான்கு தூண்டிலுக்குத்தான் அனுமதி

2019 ஜூலையில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அலாஸ்காவில் ஹோமர் என்ற துறைமுக ஊரில் மீன்பிடிப் படகு ஏறினோம். மகன், மருமகள், பேரன், சம்பந்தி, நான் என்று ஐந்து பேர். பணம் வாங்கிக்கொண்டு ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போய், தூண்டில் கொடுத்து மீன் பிடிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து விடும் படகு அது. கயிற்றை அவிழ்ப்பதற்கு முன் படகுக்காரர் எங்களை எண்ணினார். "ஐந்து பேரும் வரலாம். ஆனால் ஹாலிபட் மீன் பிடிக்க நான்கு பேருக்குத்தான் அனுமதி" என்றார்.

சுக்கானுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள் இருந்தது. அதில் 4 என்ற எண்ணை விரல் வைத்துக் காட்டினார். படகில் இடம் இருந்தது, தூண்டிலும் கூடுதலாக இருந்தது. தாளில் நான்கு என்று இருந்ததால் நான்குதான். பேரனுக்கு ஒன்பது வயது. பதினாறு வயதுக்குக் கீழே என்பதால் அவனுக்குத் தூண்டில் உரிமம் தேவையில்லை. ஆனாலும் அந்த நான்கில் அவனும் ஒரு கணக்கு. நான் ஒதுங்கிக்கொண்டேன்.

கை சும்மா இருந்ததால் படகுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. மகன் இடையில் நின்று புரியவைத்தான். ஹாலிபட்டை வணிகப் படகுகளும் பிடிக்கின்றன, இப்படி ஆள் ஏற்றும் படகுகளும் பிடிக்கின்றன. ஆள் ஏற்றும் படகுகள் பெருகி, பிடிக்கும் அளவு எல்லை தாண்டியதால், 2011 பிப்ரவரியிலிருந்து அங்கே இந்த மீனுக்குத் தனி பெர்மிட் கட்டாயம். அதை முதன்முதலில் அரசிடமிருந்து பெற, 2004 அல்லது 2005-இல் குறைந்தது ஐந்து முறையும், 2008-இல் மறுபடி ஐந்து முறையும் கடலுக்குப் போனதாகப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு காலத்திலும் குறைந்தது பதினைந்து முறை எழுதியவருக்கு, பிறருக்கு விற்கக்கூடிய பெர்மிட். அதற்குக் குறைந்தால் விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ முடியாத பெர்மிட். தூண்டில் எண்ணிக்கையும் அந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்து வைத்ததுதான்.

அவருடையது கைமாற்ற முடியாதது. பன்னிரண்டு வருடமாகக் கூடவே வேலை செய்யும் உதவியாளனுக்கு அதைக் கொடுக்க வழியில்லை. அந்தப் பையன் சொந்தமாகத் தொழில் செய்ய நினைத்தால், வேறு ஒருவரிடமிருந்து விலைக்கு வாங்கவேண்டும். அதைச் சொன்னபோது அவர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தே பேசினார்.

பேரனுக்கு இரண்டு மீன் கிடைத்தது. தட்டையான உடம்பு, மேலே பழுப்பு, அடியில் வெள்ளை, இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். அந்த வருடம் ஒருவருக்கு நாளைக்கு இரண்டு. அதில் ஒன்று 28 அங்குலத்துக்குள் இருக்கவேண்டியிருந்தது. முதல் மீன் பெரியது. இரண்டாவதை அளவுப் பலகையில் கிடத்தியபோது வால் நுனி 29-ஐத் தொட்டது. பேரன் வாலை மடக்கிப் பார்த்தான். படகுக்காரர் ஒன்றும் சொல்லாமல் முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, பதிவேட்டை எடுத்து எழுதினார். அந்த வருடம் புதன்கிழமைகளில் இந்த மாதிரிப் படகுகளில் ஹாலிபட் பிடிக்கவே கூடாதாம். எனக்கு அந்த ஒழுங்கின்மேல் மதிப்பு வந்தது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் பேரன் காலத்துக்கு மீன் மிஞ்சாது.

ஆனால் பெர்மிட் யார் கையில் போய்ச் சேர்கிறது என்பதுதான் ஊர் திரும்பிய பிறகும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் குடியாத்தம் பக்கம். மோர்தானா அணைக் கால்வாய்த் தண்ணீர் வந்து சேரும் ஏரி. மீன்பாசி, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் விடுவார்கள். பணம் உள்ளவர் எடுப்பார். தலைமுறையாக வலை வீசிய குடும்பங்கள் அவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பிடித்துக் கொடுப்பார்கள். வங்கக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை வந்து வேலூர் மார்க்கெட்டில் கடல்மீன் குறைகிற நேரத்தில், ஏரி மீனுக்கு விலை ஏறும். அந்த லாபம் வலை வீசியவன் வீட்டுக்கு வருவதில்லை.

மழை முடிந்து ஏரி நிறைந்திருந்த ஒரு காலையில், லாரி டியூபில் உட்கார்ந்து வலை எடுத்துவிட்டுக் கரையேறிய சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ஈர லுங்கியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"அந்தப் பெர்மிட்டைப் படகு பேரில் எழுதினார்களா, ஆள் பேரிலா?"

"ஆள் பேரில், சித்தப்பா. பதிவேடு எழுதி வைத்திருந்தவர் பேரில்."

"எங்கள் அப்பா எழுபது வயது வரைக்கும் இந்த ஏரியில்தான் வலை போட்டார். அவர் எந்தப் புத்தகத்தில் எழுதினார்?"

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. பிறகு, அங்கே சிறிய கடலோரக் கிராமங்களுக்கு ஊர் பேரிலேயே சில பெர்மிட்டுகள் இருப்பதைச் சொன்னேன். ஊருக்காக ஒரு அமைப்பு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளலாம். அலாஸ்காவின் தென்கிழக்கில் ஒரு கிராமத்துக்கு நான்கு வரை, ஹோமர் பக்கத்துக் கடற்பகுதியில் ஏழு வரை. அதை யாரும் விற்க முடியாது. சித்தப்பா லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவை சொல்" என்றார்.

சொன்னேன். அதை ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லி, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் காட்டுவதற்காக மடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் கடைக்குப் போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தார். அவருக்கு எழுத வராது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்திதான் எழுதுகிறாள். முதல் பக்கத்தில் தேதி, சித்தப்பாவின் பெயர், அதன் கீழே: கட்லா 11 கிலோ, ஜிலேபி 6 கிலோ, விரால் 1.