மறு: பிளாக் ஹீட்டருக்குத் தமிழ்ச் சொல்: ‘கணப்பு’ போதுமே

குழுவினருக்கு வணக்கம்.

> “எந்திரக்கட்டை முன்வெப்பமூட்டி என்று வைத்துக்கொள்ளலாம். பொருள் முழுவதும் வந்துவிடுகிறது.”

ஐயா, குளிர்நாடுகளில் வண்டியைக் கிளப்பும் முன் எஞ்சினைச் சூடாக்கும் ‘பிளாக் ஹீட்டர்’ என்ற கருவிக்குத் தமிழ்ச் சொல் என்ன என்று கேட்டிருந்தேன். உடனே பதில் எழுதியதற்கு நன்றி. ஆனால் இந்தச் சொல்லை ஏற்க மனம் வரவில்லை. சிங்கப்பூரில் சின் மிங் பக்கம் ஒரு பட்டறையில் பதினேழு வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். ஒரு சொல்லைக் கேட்டதும் கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். என் கணக்கில் அதுதான் நல்ல கலைச்சொல். அந்தப் பொருள் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் நம்மில் பலர் அதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம்.

இங்கே விடியற்காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்திலிருந்து வண்டியை எடுத்தாலும் எஞ்சின் ஏறக்குறைய 25 டிகிரியில் இருக்கும். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி என்றால் எஞ்சின் சற்று நேரம் ஓடிச் சூடு பிடித்ததும் தானாக நின்றுவிடும். மெதுவாகப் போகும்போது மின்மோட்டாரே இழுத்துக்கொண்டு போகும். ஹைபிரிட்டின் சிக்கனத்தில் பெரும்பங்கு எஞ்சின் இப்படி நிற்பதில் இருக்கிறது.

போன ஜனவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு கனடாவின் எட்மன்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். காலையில் மைனஸ் 22. தங்கையிடமும் ஹைபிரிட்தான். சிவப்பு விளக்கில் நிற்கிறோம், எஞ்சின் நிற்கவில்லை. அடுத்த விளக்கிலும் அப்படியே. பழுது என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழுதில்லை. எஞ்சினுக்குள் சுற்றி ஓடும் கூலன்ட் திரவம் போதுமான அளவு சூடாகாமல் வண்டியின் கணினி எஞ்சினை நிறுத்த விடாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் சூடு வேண்டும். நாமோ ஏறி உட்கார்ந்ததும் ஹீட்டரை முழுக்கத் திருப்பிவிடுகிறோம். எஞ்சின் சிறுகச் சிறுகச் சேர்த்த சூட்டையெல்லாம் அது உள்ளே இழுத்துவிடுகிறது. பேட்டரியும் குளிரில் மின்சாரத்தை வாங்கவும் கொடுக்கவும் சுணங்கும்.

25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7 டிகிரியில் நகர ஓட்டத்தில் எவ்வளவு குறையும் என்பதற்கு அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கு சொல்கிறது. சாதாரணப் பெட்ரோல் காருக்குச் சுமார் 15 விழுக்காடு. ஹைபிரிட்டுக்கு 30 முதல் 34 விழுக்காடு வரை. தங்கை வண்டியின் திரையில் நானே பார்த்தேன். கோடையில் 100 கிலோமீட்டருக்கு 4.6 லிட்டர் குடித்த வண்டி அப்போது 6.4 லிட்டர் குடித்தது. (அங்கே எண் குறைந்தால் நல்லது, நாம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதற்கு நேர்மாறு. சொற்பட்டியலில் ‘எரிபொருள் சிக்கனம்’ என்று எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும்.)

இந்தச் சூட்டைப் புறப்படுவதற்கு முன்பே மின்சாரத்தால் கொடுத்து வைப்பதுதான் பிளாக் ஹீட்டர். 400 வாட் அளவில் சிறியதும் உண்டு, பெரிய எஞ்சினுக்கு 1,000 வாட்டும் உண்டு. சில வண்டிகளில் அது கூலன்ட்டுக்குள்ளேயே மூழ்கியிருக்கும். சிலவற்றில் எஞ்சின் உலோகத்தில் உள்ள ஒரு குழியில் செருகப்பட்டிருக்கும். வயர் மட்டும் வண்டியின் முன்புறத்தில் வெளியே தொங்கும். எட்மன்டனில் கார் நிறுத்துமிடங்களில் அதைச் செருகுவதற்கென்றே மின்கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். இரவு முழுதும் செருகி வைப்பது வீண் செலவு. டைமர் வைத்து, புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு ஓட விட்டால் போதும்.

ஒருநாள் காலையில் அடுப்படிச் சன்னல் வழியாக அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மாப்பிள்ளை (தங்கையின் கணவர்) கையுறை போட்ட கையால் அந்த வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வயர் குச்சி மாதிரி விறைத்துப்போய், சுருட்டவே வரவில்லை. அம்மா கேட்டார்: “ஏம்பா, காருக்கும் கணப்பு வைக்கிறாங்களா?”

அம்மா கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவர். அங்கே வீட்டில் கணப்புச் சட்டி இருந்ததாம். கரியை மூட்டி அறை மூலையில் வைப்பார்களாம். சமைப்பதற்கில்லை, உடம்பு விறைக்காமல் இருப்பதற்கு. நான் சிங்கப்பூரில் பிறந்தவன், அந்தச் சொல்லை அதுவரை வாயால் சொன்னதே கிடையாது. ஆனால் கேட்டவுடன் புரிந்தது. காய்ச்சல் வந்தால் ‘உடம்பு கணகணங்குது’ என்று நம் வீட்டிலும் சொல்கிறோமே.

ஆகவே என் முன்மொழிவு: எஞ்சின் கணப்பு.

‘சூடேற்றி’ ஏன் வேண்டாம் என்றால், பட்டறையில் ‘வண்டி சூடாயிடுச்சு’ என்றால் கோளாறு. ரேடியேட்டர் ஒழுகுகிறது, ஓரமாக நிறுத்து என்று அர்த்தம். நல்லது செய்யும் கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ‘முன்வெப்பமூட்டி’யை டீசல் லாரிக்காரர்கள் குளோ பிளக் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அது எரிவறையைச் சில விநாடி சூடாக்குவது, வேலையே வேறு. ‘கட்டை’ பிளாக் என்ற சொல்லின் நிழல்தான். நம் காதில் அது விறகுக்கட்டையாக விழுகிறது.

> “வெதுப்பி என்றால் இனிமையாக இல்லையா தம்பி?”

இனிமையாகத்தான் இருக்கிறது அக்கா. இளஞ்சூடு என்ற பொருளும் சரியாக வருகிறது. ஆனால் கனடாவில் இந்தச் சொல்லைப் புழங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஈழத்தமிழர்கள். அவர்களுக்கு வெதுப்பகம் என்றால் ரொட்டி சுடும் இடம். வெதுப்பியை அவர்கள் அடுப்பாகத்தான் நினைப்பார்கள்.

> “கணப்பு என்றால் கரிநெருப்பு. மின்கருவிக்கு எப்படிப் பொருந்தும்?”

ஐயா, விளக்கு எண்ணெயில் எரிந்தது, இப்போது மின்சாரத்தில் எரிகிறது, பெயர் மாறவில்லை. விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு, மின்னடுப்பு என்று வந்தும் அது அடுப்புதான். எரிவது மாறினாலும் செய்கிற வேலையின் பெயரைத் தமிழ் விட்டதில்லை. ரஷ்யக் குளிரில் லாரி எஞ்சினுக்கு அடியிலேயே தீ மூட்டிக் கிளப்பிய காலமும் உண்டு, அது நேர்ப்பொருளிலேயே கணப்புதான். ‘கனம்’ என்பதோடு குழம்புமே என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டு சுழி, மூன்று சுழி வித்தியாசம் எழுத்தில் இருக்கிறது. பேச்சில் முன்னே ‘எஞ்சின்’ வந்துவிட்டால் யாரும் எடையை நினைக்க மாட்டார்கள்.

நம் ஊரில் ‘மின்தூக்கி’ நிலைத்ததற்குக் காரணம் சொல் சின்னது, பார்த்ததும் புரிகிறது, ஒவ்வொரு புளோக்கிலும் அறிவிப்பில் எழுதி ஒட்டுகிறார்கள். கணப்பும் நான்கே எழுத்து. குட்டியும் போடும்: இருக்கைக் கணப்பு, கண்ணாடிக் கணப்பு. எஞ்சின் சூடு பிடிக்கும் வரை ஆகும் நேரம் ‘கணப்பு நேரம்’. ‘உள்காற்றைச் சூடாக்குவதைக் குறைத்து இருக்கைக் கணப்பைப் போட்டுக்கொண்டால் எஞ்சினின் கணப்பு நேரம் குறையும்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். இதே வரியை முன்வெப்பமூட்டியை வைத்து எழுதிப் பாருங்கள்.

எஞ்சினை ‘பொறி’ ஆக்கலாமா என்ற விவாதத்தை இந்த இழையில் கிளப்ப வேண்டாம். குளிரில் வண்டி ஓட்டுவது பற்றி நான் ஒரு குறிப்புத் தாள் எழுதுவது மாப்பிள்ளையின் அப்பாவுக்காக. ஈப்போக்காரர், எழுபது வயதில் அங்கே போய்க் குடியேறி, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறார். தமிழில்தான் தடங்கலில்லாமல் படிப்பார். அவர் எஞ்சின் என்றுதான் சொல்கிறார். டயர் காற்றுக்கும் புதுச்சொல் தேவையில்லை. ஏறக்குறைய ஆறு டிகிரி குறைந்தால் டயரின் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (அழுத்த அளவு) இறங்கும், அடிக்கடி பாருங்கள் என்று எழுதிவிட்டேன்.

மிச்சம் இருப்பது ஒன்று. குளிர்காற்று எஞ்சின் மேல் அடிக்காமல் இருக்க, காற்று நுழையும் முன் கிரில்லின் இடுக்குகளில் நுரைக்குழாயைச் செருகி அடைக்கிறார்கள். கணப்பு நேரம் அதனாலும் குறைகிறது. ஆனால் வெயில் வந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாமல் மெய்யாகவே வண்டி சூடாகிவிடும். சில புது வண்டிகளில் தானாகத் திறந்து மூடும் தகடுகள் அங்கே வந்திருக்கின்றன. கையால் அடைப்பதற்கு ‘முகப்பு அடைப்பு’, தானியங்கித் தகடுகளுக்கு ‘முகப்பு இமை’ என்று யோசித்தேன். இரண்டாவது பிடித்திருக்கிறது, முதலாவதில் திருப்தி இல்லை. அடைப்பு என்றாலே ஏதோ சிக்கிக்கொண்டது போல ஒலிக்கிறது. அக்கா, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். மாப்பிள்ளையின் அப்பாவான அந்த ஈப்போ மாமாவுக்கு அனுப்பிய தாளில் இப்போதைக்கு ‘வண்டி மூக்கில் செருகும் நுரைக்குழாய்’ என்றுதான் இருக்கிறது.