எம்.ஐ. பயிலரங்கு முடிந்து நான்கே மாதங்களில் ஆலோசகர்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள்: மறுபடியும் பயிலரங்கு நடத்தலாமா?

சாட்ஸ்வொர்த் பயிற்சிப் பொறுப்பாளர்

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில், குடிப்பழக்கத்திலிருந்தும் தெருவில் ‘சுகர்ஸ்’ என்று சொல்லப்படும் ஹெராயின் கலவையிலிருந்தும் மீள விரும்புபவர்களுக்கு ஆலோசனை வழங்கும் ஒரு சிறிய நிலையத்தில் பயிற்சிப் பொறுப்பை நான் கவனித்து வருகிறேன். எங்களிடம் உளவியலாளர் இருவர், சமூகப் பணியாளர் மூவர், செவிலியர் ஒருவர் என ஆறு பேர் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு இவர்கள் அனைவருக்கும் மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்னும் எம்.ஐ. முறையில், அதாவது புத்தி சொல்லாமல், மாறுவதற்கான காரணத்தை வந்தவரே சொல்லும்படி உரையாடும் முறையில், இரண்டு நாள் பயிலரங்கு நடத்தினோம். எல்லோரும் மகிழ்ச்சியோடு பங்கேற்றார்கள். கருத்துப் படிவத்தில் ஏறக்குறைய முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, வந்தவர்களின் அனுமதியோடு சில சந்திப்புகளில் நானும் உடன் அமர்ந்தேன். “பெற்ற பிள்ளைகளை ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தீர்களா?”, “இப்படியே போனால் ஈரல் என்ன ஆகும் தெரியுமா?” என்ற பழைய பேச்சே காதில் விழுந்தது. ஆனால், எம்.ஐ. முறையைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டால், ஆம் என்று ஆறு பேரும் மனமார நம்பிச் சொல்கிறார்கள். அதே பயிலரங்கை மீண்டும் நடத்திவிடலாம் என்கிறது நிர்வாகக் குழு. இதற்கு நான் சம்மதிக்கலாமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே வருகிறவர்களில் பலர் தாமாக வருவதில்லை. தாயோ மனைவியோ அழைத்து வந்து, “இவனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்” என்று எங்கள் முன் உட்கார வைத்துவிடுகிறார்கள். புத்தி சொல்லாமல் அனுப்பினால் நாங்கள் வேலை செய்யவில்லை என்று எண்ணுகிறார்கள்.

மரிட்ஸ்பர்க் உளவியலாளர்

சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பயிலரங்கு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதனால் முடிவது ஓர் அறிமுகம் மட்டுமே, அந்த அறிமுகம் உங்கள் ஆறு பேருக்கும் ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

இந்த முறையைப் பற்றிய முதல் கட்டுரையை 1983இல் எழுதிய வில்லியம் மில்லரே, பயிலரங்கினால் என்ன பயன் என்று சோதித்தும் பார்த்திருக்கிறார். நன்னடத்தை அலுவலர்களுக்குப் பயிலரங்கு நடத்தி, அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் பேசியதை ஒலிப்பதிவில் ஒப்பிட்ட அந்தச் சிறிய ஆய்வு 2001இல் வெளிவந்தது. அலுவலர்களின் பேச்சில் ஓரளவு மாற்றம் தெரிந்தது. ஆனால் எதிரே அமர்ந்திருந்தவர்களின் பேச்சை மாற்றும் அளவுக்கு அது இல்லை. போதைப் பழக்கச் சிகிச்சையில் பணிபுரியும் 140 பேரை வைத்து 2004இல் வெளியான பெரிய ஆய்வில், பயிலரங்குக்குப் பிறகு ஒலிப்பதிவைக் கேட்டுப் பின்னூட்டம் தரப்பட்டவர்களும் பயிற்றுநரோடு தொடர்ந்து உரையாடியவர்களும் வெறும் பயிலரங்கோடு நின்றவர்களைவிட நன்றாகத் தேர்ந்திருந்தார்கள். உங்கள் நிர்வாகக் குழுவிடம் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டிய செய்தியும் அதே ஆய்வில் இருக்கிறது: தமக்கு எவ்வளவு திறமை இருக்கிறது என்று ஆலோசகர்கள் தாமே மதிப்பிட்டதற்கும், அவர்களுடைய ஒலிப்பதிவில் கேட்ட திறமைக்கும் தொடர்பே இல்லை. ஆகவே அந்த முழு மதிப்பெண் படிவங்களைக் கோப்பிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் ஆறு பேரும் பொய் சொல்லவில்லை. தம் குரலை வெளியே நின்று கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இதை என் அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன். முதல் பயிலரங்கு முடிந்து சில வாரங்களில் என்னுடைய ஒரு சந்திப்பின் 20 நிமிடத்தை எண்ணிப் பார்த்தேன். 31 கேள்விகள் கேட்டிருந்தேன். வந்தவர் சொன்னதைப் பொருளுணர்ந்து திருப்பிச் சொன்ன பிரதிபலிப்புகள் நான்குதான். எனக்கோ அன்றைய சந்திப்பு மிக நன்றாக அமைந்ததாகவே நினைவு.

இப்படி எண்ணுவதற்கென்றே மிட்டி என்ற மதிப்பீட்டு முறை இருக்கிறது. ஒரு சந்திப்பிலிருந்து 20 நிமிடத்தை எடுத்துக்கொண்டு, கேள்விகள் எத்தனை, பிரதிபலிப்புகள் எத்தனை, அவற்றில் சொன்னதையே திருப்பிச் சொன்னவை எவை, சொல்லாமல் விட்ட பொருளையும் தொட்டவை எவை என்று அதில் குறிப்பார்கள். ஒரு கேள்விக்கு ஒரு பிரதிபலிப்பு இருந்தால் போதுமான நிலை, இரண்டு இருந்தால் நல்ல நிலை. இந்த வரம்புகள் வல்லுநர்களின் கணிப்பில் வைக்கப்பட்டவை என்பதால் இவற்றைத் தேர்வு மதிப்பெண் போல நடத்த வேண்டாம்.

பயிலரங்குக்குப் பிறகான ஆறு மாதத்தில் மூன்று அல்லது நான்கு முறை பின்னூட்டம் கிடைத்தால் கற்றது நிலைக்கிறது என்று, பல ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. உங்கள் ஆறு பேருக்கும் நான்கு முறை என்றால் 24 ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றும் 20 நிமிடம் என்றால் கேட்பதற்கு எட்டு மணி நேரம். இரண்டு முறை கேட்டாலும் 16 மணி நேரம்தான். ஆறு பேரையும் மீண்டும் இரண்டு நாள் வேலையை விட்டு உட்கார வைப்பதோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபீனிக்ஸ் சமூகப் பணியாளர்

அண்ணன் மரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதியதை ஏற்றுக்கொண்டு, புத்தி சொல்வது பற்றியும் மொழி பற்றியும் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ஒருவர் தவறான வழியில் போவதைப் பார்த்ததும் அதைச் சரிசெய்யத் துடிக்கும் அவசரத்தைத்தான் எம்.ஐ. பயிற்சியில் முதலில் அடையாளம் காட்டுவார்கள். நம் குடும்பங்களில் அந்த அவசரத்துக்கு அக்கறை என்று பெயர். பெரியவர்களின் கடமை என்றும் பெயர். ஆகவே பயிற்சியில் அதைக் குற்றமாகக் காட்டினால் ஆலோசகர்கள் மனத்துக்குள் எதிர்ப்பார்கள். அதனால் என்ன விளைகிறது என்பதைக் காட்டினால் போதும். 1993இல் மில்லரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு அதிகமாக எதிர்த்து வாதாடினாரோ அவ்வளவு அதிகமாக அந்த மனிதர் ஓராண்டுக்குப் பிறகு குடித்துக்கொண்டிருந்தார். மேலும், எம்.ஐ. அறிவுரையைத் தடை செய்யவில்லை. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, சொல்லலாமா என்று அனுமதி பெற்று, சொன்ன பிறகு அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்கச் சொல்கிறது. அழைத்து வந்த தாயிடமும் இதையே விளக்கலாம். “மகன் இதுவரை கேட்காத அறிவுரையை நான் புதிதாகச் சொல்லப் போவதில்லை, அம்மா; அவர் வாயாலேயே காரணம் வர வேண்டும்” என்று நான் சொல்வேன். பெரும்பாலான தாய்மார்கள் இதை நம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

அடுத்தது மொழி. ஆங்கிலத்தில் பிரதிபலிப்பைக் கற்பிக்கும்போது, வாக்கியத்தின் முடிவில் குரலைத் தாழ்த்த வேண்டும், உயர்த்தினால் கேள்வியாகிவிடும் என்பார்கள். வயதான ஆயாக்களிடமும் தாத்தாக்களிடமும் தமிழ் பேசும்போது நமக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. “உங்களுக்கு அது வருத்தமாக இருக்கிறது” என்று நிறுத்த வேண்டிய இடத்தில், மரியாதைக்காகவோ தயக்கத்தாலோ ஓர் ஆகாரத்தைச் சேர்த்து “வருத்தமாக இருக்கிறதா?” என்று முடித்துவிடுகிறோம்; அல்லது “இல்லையா?” என்று ஒட்டுகிறோம். பெரியவரின் மனத்தில் இருப்பதை நாமே சொல்வது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றுவதே காரணம். “போல இருக்கிறது” என்று முடித்துப் பழகுங்கள். பணிவும் குறையாது, கேள்வியும் ஆகாது.

அடுத்து, காதுக்கான பயிற்சி. ஒரு தாத்தா என்னிடம், “நான் குடிப்பதால் யாருக்கும் தொந்தரவில்லை, பேத்திதான் இப்போதெல்லாம் பக்கத்தில் வருவதில்லை” என்றார். முதல் பாதி, உள்ளபடியே இருக்கட்டும் என்னும் பேச்சு. இரண்டாம் பாதி, மாற்றத்தின் பக்கம் சாயும் பேச்சு. பழகாத ஆலோசகர் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு வாதத்தில் இறங்குவார். “பேத்தி விலகிப் போவது உங்களை உறுத்துகிறது போல இருக்கிறது” என்று இரண்டாம் பாதியைப் பிடித்தால், அதற்கு மேல் பேசுவது அவர் வேலையாகிறது. எங்கள் நிலையத்தில் வாரம் ஒரு முறை அரை மணி நேரம் இத்தகைய வாக்கியங்களை ஒருவர் வாசிப்பார். மாற்றப் பேச்சு வந்ததும் மற்றவர்கள் கையை உயர்த்த வேண்டும். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் இரண்டாவது மாதத்தில்தான் எங்களுக்குக் கை சரியான இடத்தில் உயர்ந்தது.

சாட்ஸ்வொர்த் பயிற்சிப் பொறுப்பாளர்

இருவருக்கும் நன்றி. ஒலிப்பதிவு என்றதும் எங்கள் ஆட்கள் போப்பியா என்னும் தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். வருபவர்களும், குறிப்பாகச் சுகர்ஸ் பழக்கம் உள்ள இளைஞர்கள், தம் குரல் காவல்துறையின் கைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள்.

கேப் டவுன் மேற்பார்வையாளர்

போப்பியா சட்டப்படி உடல்நலம் பற்றிய தகவல் தனிச் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது என்பதால் அவர்கள் தயங்குவது நியாயமே. ஆனால் சட்டம் ஒலிப்பதிவை முற்றாகத் தடுக்கவில்லை. எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள், எப்போது அழிப்போம் என்பதைத் தெளிவாக எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதையும் அதில் எழுதுங்கள். மறுப்பவரை வற்புறுத்த வேண்டாம். பதிவு போதாத மாதத்தில், ஒருவர் வந்தவராக நடிக்க மற்றவர் ஆலோசகராகப் பேசி அதைப் பதிவு செய்யலாம். உண்மைச் சந்திப்பை விட இது எளிது என்பதை மட்டும் மதிப்பிடும்போது மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கே கேப் டவுனில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், எம்.ஐ. தனியாக நின்றதைவிட, சிக்கல் தீர்க்கும் பயிற்சியோடு சேர்ந்தபோதுதான் போதைப் பயன்பாடு குறைந்தது. வேலையில்லாமல், திரும்பிப் போகப் பேருந்துக் கட்டணமும் இல்லாமல் வருபவரிடம் விருப்பத்தை மட்டும் வளர்த்து அனுப்பினால் போதாது. உங்கள் ஆறு மாதத் திட்டத்தில் அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

முதல் பதிவு உங்களுடையதாக இருப்பது நல்லது. பொறுப்பாளரின் தவறுகளை ஆறு பேரும் கேட்ட பிறகு, தம் பதிவுகளைக் கொண்டுவர அவர்கள் அவ்வளவாக அஞ்சமாட்டார்கள்.

சாட்ஸ்வொர்த் பயிற்சிப் பொறுப்பாளர்

நிர்வாகக் குழு வரும் செவ்வாய்க்கிழமை கூடுகிறது. 24 ஒலிப்பதிவுகளின் கணக்கை அங்கே வைக்கிறேன். ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்த என் சந்திப்பு ஒன்றை நேற்றிரவு எண்ணிப் பார்த்தேன். 27 கேள்விகள், ஆறு பிரதிபலிப்புகள், அந்த ஆறிலும் இரண்டு “இல்லையா?” என்று முடிந்திருந்தன.