ஏரியில் படகில் இருக்கும்போது தீயணைப்பு ஹெலிகாப்டர் தண்ணீர் எடுக்க வந்தால் என்ன செய்வது?

துடுப்பும்நானும்:
போன வாரம் நடந்தது. நானும் தங்கையும் ஆளுக்கொரு கயாக்கில் ஏரி நடுவில் இருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் காலையிலிருந்தே புகை தெரிந்தது, தூரத்தில்தானே என்று விட்டுவிட்டோம். திடீரென்று ஒரு ஹெலிகாப்டர், அடியில் நீளக் கயிற்றில் ஆரஞ்சு நிற வாளி ஆட, எங்களைப் பார்த்தே வந்தது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டோம். அசையாமல் இருந்தால் பைலட் நம்மை விட்டு விலகி எடுத்துக்கொள்வார் என்பது என் கணக்கு. தங்கை மட்டும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள், நாங்கள் இருப்பது தெரியட்டும் என்று. இரண்டு வட்டம் அடித்துவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே போய்விட்டது. கரைக்கு வந்தால், அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அவ்வளவு பெரிய ஏரி, ஒரு 200 மீட்டர் தள்ளிப் போய் எடுத்திருக்கலாமே? நாங்கள் செய்தது அவ்வளவு பெரிய தப்பா?

வாளிக்கயிறு:
தீயணைப்பு ஹெலிகாப்டர்களுக்குத் தரையில் வாளி மாட்டும் வேலையில் சில வருடம் இருந்தேன், அதனால் சொல்கிறேன். பெரியவர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, தெரியாமல் எல்லோரும் செய்வதுதான் இது.

முதலில் அந்த 200 மீட்டர் விஷயம். மேலிருந்து பார்க்கும் பைலட்டுக்கு ஏரி முழுக்க ஒன்றாக இருக்காது. ஆழம் வேண்டும், அடியில் மரக்கட்டை இருக்கக் கூடாது, காற்றுக்கு எதிர்முகமாக இறங்கி அதே முகமாக ஏறிப் போக எதிரே மரமோ மின்கம்பியோ இல்லாத வழி வேண்டும். இதெல்லாம் கூடி வரும் இடம் பல ஏரிகளில் ஒன்றோ இரண்டோதான்.

வாளி தண்ணீரில் படும்போது பார்த்திருக்கிறீர்களா? வாய் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கனம் தைத்திருப்பார்கள், அதனால் பட்டவுடன் சரிந்து, அந்தப் பக்கமாகவே மூழ்கி, மடமடவென்று குடிக்கும். தூக்கும்போது துணி விரைத்துப் பானை மாதிரி உப்பும், அடியில் ஒழுகிக்கொண்டே ஏறும். அந்தச் சில நொடிகளில் பைலட் பக்கவாட்டு ஜன்னலில் தலையைச் சாய்த்து வாளியையே பார்த்துக்கொண்டிருப்பார், உங்களை அல்ல. நடுத்தர வாளி என்றாலே 1,200 லிட்டர், அதாவது 1.2 டன். அந்தப் பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் தடுமாறினால் அவர் முதலில் செய்வது தண்ணீரைக் கொட்டுவது, அதுவும் போதாவிட்டால் வாளியையே கழற்றிவிடுவது. கீழே நீங்கள் இருந்தால்? அதனால்தான் ஆள் இருக்கும் இடத்தில் இறக்கவே மாட்டார்கள், வேறு ஏரிக்குப் போவார்கள். பக்கத்தில் இருக்கும் ஏரியென்றால் சில நிமிடத்துக்கு ஒரு வாளி தீயில் விழும். தூரத்து ஏரியென்றால் அந்த இடைவெளியில் தீ அடுத்த சரிவுக்குத் தாவியிருக்கும்.

அப்புறம் அந்தக் கை ஆட்டல். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினால் ஆபத்தில் இருக்கிறோம், காப்பாற்றுங்கள் என்று அர்த்தம். இரண்டாவது வட்டம் அதற்காகத்தான் அடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

துடுப்பும்நானும்:
ஐயோ, அது தோன்றவே இல்லை. தங்கையிடம் சொன்னேன், முகம் தொங்கிப் போய்விட்டது. சரி, அப்போ எந்தக் கரைக்குப் போவது? எங்கள் வண்டி எதிர்க்கரையில் நின்றது.

வாளிக்கயிறு:
வண்டியை மறந்துவிடுங்கள். எந்தக் கரை பக்கமோ அந்தக் கரை. எதிர்க்கரைக்குப் போகிறேன் என்று ஏரியைக் குறுக்கே கடப்பதுதான் இருப்பதிலேயே மோசம், ஏனென்றால் நீங்கள் நிற்கப்போகிறீர்களா நகரப்போகிறீர்களா என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. ஒரே திசையில், நேராக, நிற்காமல் போனால் அவருக்கே புரிந்துவிடும்.

நீலக்கரை:
கயாக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் நண்பன் காற்றடைத்த துடுப்புப் பலகையில் நின்றுகொண்டு ஹெலிகாப்டரை வீடியோ எடுக்கப் போனான். தூரம்தான், ஆபத்தில்லை என்றான். மேலிருந்து அடித்த காற்று தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு வட்டமாகப் பரவி வந்தது, பலகை காகிதம் மாதிரி எழும்பிப் புரண்டது, இவன் ஒரு பக்கம் போன் ஒரு பக்கம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், பிழைத்தான். பலகை மேலே பறந்து ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கையில் மாட்டியிருந்தால் அவனோடு போயிருக்காது. தொப்பி, பாய், குடை, காலி டப்பா எதுவும் சும்மா கிடக்கக் கூடாது, காலடியில் அமுக்கி வையுங்கள். கரைக்குப் போக நேரமே இல்லையென்றால் உடம்பைத் தாழ்த்தி உட்காருங்கள். கவிழ்ந்தால் படகை விடாதீர்கள்.

இன்னொன்று, எல்லாவற்றிலும் வாளி இருக்காது. எரிக்சன் எஸ்-64 போன்ற பெரிய ஹெலிகாப்டர்களில் வயிற்றுக்குக் கீழே தொட்டி இருக்கும், ஒரு தடித்த குழாயை நீரில் விட்டுச் சுமார் 10,000 லிட்டரை ஒரு நிமிடத்துக்குள் உறிஞ்சிவிடும். அது மிகவும் தாழ்வாக வந்து நிற்கும், காற்று இன்னும் மோசம்.

மோட்டார்படகு_74:
எல்லாம் சரி, ஆனால் கட்டணம் கட்டி ஏரிக்கு வருகிறோம், முன்கூட்டியே ஒரு அறிவிப்பு வேண்டாமா? திடீரென்று தலைக்கு மேல் வந்து நின்றால் தப்பு நம்முடையதா? குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு வேகமாகக் கரைக்கு ஓடுவது?

நீலக்கரை:
அறிவிப்பு வேண்டும்தான், உங்களோடு சண்டை இல்லை. 2024 ஏப்ரலில் நைனிடால் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படையின் மி-17 ஹெலிகாப்டர் பீம்தால் ஏரியில் தண்ணீர் அள்ளியது, நைனி ஏரியில் படகு விடுவதையே நிறுத்தினார்கள். பெரிய தீயென்றால் இப்படி நடக்கும். ஆனால் தீ பிடித்த முதல் மணி நேரத்தில் வரும் ஹெலிகாப்டருக்கு முன்னால் எந்த அறிவிப்பும் வந்து சேராது, புகைதான் அறிவிப்பு. மோட்டார் இருக்கும் நீங்கள் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் அலை கிளப்பிக்கொண்டு சீறாதீர்கள், பக்கத்தில் கயாக் இருக்கும்.

தும்பிப்பறவை:
ஹெலிகாப்டராவது வட்டமடித்துப் பார்க்கும், விமானம் அதைவிடப் பயங்கரம். சிஎல்-415 என்ற தீயணைப்பு விமானம் நீர்ப்பரப்பை உரசிக்கொண்டே 12 நொடியில் சுமார் 6,000 லிட்டர் அள்ளிவிடும். இறங்கி, அள்ளி, ஏற ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்வழி வேண்டும், நடுவில் திரும்ப முடியாது. ஒன்று போனதும் அப்பாடா என்று கிளம்பாதீர்கள், பின்னாலேயே அடுத்தது வரும்.

ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கும்: 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் தீயின்போது கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த இதே வகை விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் மோதி ஓட்டை போட்டது, அவ்வளவு அவசரத்தில் விமானம் சில நாள் தரையில் கிடந்தது.

துடுப்பும்நானும்:
நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒன்று: ஹெலிகாப்டர் போய் அரை மணி நேரம் ஆகிவிட்டால் மறுபடி இறங்கலாமா?

வாளிக்கயிறு:
இறங்காதீர்கள். அரை மணி நேரம் சத்தமே இல்லையென்றால் பெரும்பாலும் எரிபொருள் நிரப்பப் போயிருக்கிறது. புகை அடங்கும்வரை அந்த ஏரி அவர்களுடையது. பெரியவரிடம் ஒரு தூண்டில் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.